ஈயச் சிப்பாயைத் தின்ற அலமாரி

பெட்டி பரணிலிருந்து முதல் நாள் மாலையே இறங்கிவிட்டது. ஆனால் அவர் அதைத் திறக்கவில்லை. கட்டிய நூல் கட்டியபடியே, சமையலறை மேசையின் ஓரத்தில் இரவு முழுக்க இருந்தது. வடக்கு லண்டனில் ஒரு குளிர்காலம் நான் மாடியறையில் வாடகைக்கு இருந்த வீடு அது. அவர் வீட்டுக்காரர், பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். டிசம்பர் மூன்றாவது வாரம். கூடத்தில் கிறிஸ்துமஸ் மரம் நிறுத்தியாயிற்று. மரத்தடியில் அணிவகுத்து நிற்க ஆண்டுதோறும் இறங்கும் பொம்மைச் சிப்பாய்கள் மட்டும் பாக்கி. நவராத்திரிக்குக் கொலுப்பெட்டி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பரபரப்பு புதிதல்ல. இறக்கிய பெட்டியைப் பிரிக்காமல் ஒரு ராத்திரி காத்திருப்பதுதான் புதிதாக இருந்தது.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். பரண் குளிரில் உறைந்து கிடக்கிறது. சமையலறையோ கொதிக்கும் கெட்டிலின் ஆவியும் அடுப்பின் சூடும் நிறைந்த ஈரக்காற்று. சில்லிட்ட உலோகத்தை அந்தக் காற்றில் சட்டென்று வைத்தால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே முத்து முத்தாகத் துளிர்ப்பதுபோல, ஒவ்வொரு சிப்பாயின் மேலும் நீர் துளிர்க்கும். வண்ணம் உரிந்த இடத்தில் அந்த ஈரம் உட்காரும். மூடிய பெட்டிக்குள்ளேயே பொம்மைகள் மெல்ல மெல்ல அறையின் சூட்டுக்கு வரட்டும் என்று விட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மறுநாள் காலை நூலை அவிழ்த்தார். சிவப்பு அட்டைப் பெட்டி. உள்ளே ஓர் அட்டையில் வரிசையாக நூலால் கட்டப்பட்ட காவற்படை வீரர்கள்: சிவப்புச் சட்டை, கறுத்த கரடித்தோல் தொப்பி, ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லாத உயரம். அவருடைய அப்பா 1930-களில் சிறுவனாக இருந்தபோது கிறிஸ்துமஸ் பரிசாக வந்தவை. எட்டுப் பேர் நிற்க வேண்டிய அட்டையில் ஏழு பேர்தான் இருந்தார்கள். எட்டாமவர் வாளேந்திய அதிகாரி. அப்பாவுக்கு அவர்மேல் தனிப் பிரியம் என்பதால், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூடத்தில் இருந்த ஓக் மர அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால், தனி மரியாதையோடு நின்றிருக்கிறார். அவரையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார் வீட்டுக்காரர். பரணில் தூசியோடு கிடந்த ஏழு பேரும் திடமாக இருந்தார்கள். அதிகாரியின் பூட்சுகளிலும் பாதத் தட்டிலும் மட்டும் மாவு தூவியதுபோல வெள்ளைப் பொடி. ஒரு முழங்காலில் வண்ணம் கொப்புளமாக எழும்பி வெடித்திருந்தது. பூஞ்சை என்று நினைத்து ஊதிவிடக் குனிந்தேன்.

“ஊதாதீர்கள்” என்று கையை நீட்டித் தடுத்தார்.

நல்லவேளை. அது பூஞ்சை அல்ல, ஈயம். மூச்சில் ஏறக் கூடாத பொடி. வெறும் அட்டைப் பெட்டியில் கிடந்தவர்கள் பிழைத்திருக்க, விலையுயர்ந்த அலமாரியில் வைத்துக் கொண்டாடியவர் ஏன் அரித்துப் போனார்? அந்தக் கேள்விக்கு விடை தேடப்போய்த்தான் இந்தச் சின்னஞ்சிறு பொம்மைகளின் வேதியியலில் நான் சிக்கிக்கொண்டேன்.

முதலில் உலோகத்தைப் பற்றித் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரு சொல்லை இரண்டு உலோகங்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். பழைய தண்ணீர்க் குழாயிலும் கார் பேட்டரியிலும் இருப்பது காரீயம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327-இல். ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன வீடுகளில் அந்த 232 என்ற எண்ணின் பொருள் எல்லோருக்கும் தெரியும்: ரசம் இருக்கும்வரை சொம்பு இருக்கும், ரசம் வற்றினால் சொம்பும் அடுப்பில் ஒழுகிப்போகும். விறகடுப்பிலேயே உருகிவிடும் இந்த எளிமைதான் இரண்டு உலோகங்களையும் பொம்மைக்காரர்களிடம் கொண்டுசேர்த்தது. இரும்பையோ செம்பையோ உருக்க உலை வேண்டும். இவற்றுக்கு ஒரு கரண்டியும் அடுப்பும் போதும்.

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 18-ஆம் நூற்றாண்டில் தகரக் கொல்லர்கள் இதைத் தொழிலாக வளர்த்தார்கள். அவர்களில் பேர்பெற்றவர் யோஹான் காட்ஃப்ரீட் ஹில்பெர்ட். பிரஷ்ய மன்னர் மகா ஃபிரெடரிக்கின் உருவத்தை 1777-இல் வார்த்தவர். பலகைக்கல்லில் உருவத்தைக் குடைந்து, இரண்டு கற்களைப் பொருத்தி, நடுவில் உருகிய வெள்ளீயக் கலவையை ஊற்றுவார்கள். வெளியே வருவது நாணயம்போல் தட்டையான சிப்பாய். பக்கவாட்டில் பார்த்தால் ஆள், நேரே பார்த்தால் ஒரு கோடு. 1838-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதிய கதையில், பழைய வெள்ளீயக் கரண்டி ஒன்றை உருக்கி 25 சிப்பாய்களை வார்க்கிறார்கள். கடைசிச் சிப்பாய்க்கு உலோகம் போதாமல் ஒற்றைக்காலோடு பிறக்கிறான். கற்பனைதான், ஆனால் வார்ப்புப் பட்டறையில் அன்றாடம் நடக்கும் விபத்து அது. ஊற்றிய உலோகம் அச்சின் கடைக்கோடிவரை ஓடுவதற்குள் ஆறிவிட்டால் கால் வராது.

பிறகு பொம்மைகள் தட்டையிலிருந்து முழு உருவமாகப் பருத்தன. வெள்ளீயத்துக்கு விலை அதிகம் என்பதால் காரீயம் மிகுதியாகக் கலந்தது. கூடவே கனமும் ஏறியது. காரீயம் தண்ணீரைப்போல் 11 மடங்குக்கு மேல் கனம். முழுத் திண்மமாக வார்த்த சிப்பாய்க்கு உலோகச் செலவு அதிகம், விலையும் அதிகம். ஜெர்மானியப் பொம்மைகள் ஆண்டுகொண்டிருந்த அந்தச் சந்தையை 1893-இல் ஒரு லண்டன் குடும்பம் உடைத்தது. வில்லியம் பிரிட்டன் என்ற தந்தையின் பெயரையே தாங்கிய மகன், பொம்மையை உள்ளே கூடாக வார்க்கும் வழியைக் கண்டுபிடித்தார்.

அந்த வழியை என் வீட்டுக்காரர் கையாலேயே நடித்துக் காட்டினார். இடக்கையில் மரப்பிடி போட்ட வெண்கல அச்சு, இரண்டு பாதிகளாகத் திறந்து மூடுவது. வலக்கையில் உருகிய உலோகக் கரண்டி. ஊற்ற வேண்டியது, ஊற்றிய மறுகணமே மணிக்கட்டைத் திருப்பி அச்சைக் கவிழ்க்க வேண்டியது. வெண்கலச் சுவர் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் அதைத் தொட்ட உலோகம் முதலில் உறைந்து தோலாகப் படிந்திருக்கும். நடுவில் இன்னும் உறையாத திரவம் கலயத்துக்கே திரும்பக் கொட்டிவிடும். அச்சைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லாத, முட்டையோடுபோல் மெல்லிய சிப்பாய். உள்ளிருக்கும் காற்று போக பெரும்பாலும் தொப்பியின் உச்சியில் ஓர் ஊசித்துளை. கவிழ்ப்பதில் சற்றுத் தாமதித்தால் சிப்பாய் கனத்துப்போவான். முந்தினால் தோல் கிழிந்து கை ஓட்டையாகும். கடிகாரம் பார்த்துச் செய்கிற வேலையல்ல, தோசைக்கல்லின் சூட்டைத் தண்ணீர் தெளித்து அறிவதுபோலக் கையும் காதும் பழக வேண்டிய வேலை. உலோகச் செலவு மளமளவென்று குறைந்தது, விலையும் குறைந்தது. ஹோல்பர்னில் இருந்த கேமேஜஸ் என்ற பெரிய கடை இவற்றை வாங்கி வைக்க, லண்டன் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் காலை மாறிப்போனது.

வெறும் காரீயம் இந்த வேலைக்கு ஆகாது. நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு அது மென்மை. அதோடு, உறையும்போது சுருங்குவதால் முகத்தின் மூக்கு, மீசை, பொத்தான் எல்லாம் மழுங்கிவிடும். அதனால்தான் கொஞ்சம் ஆன்டிமனி சேர்த்தார்கள், நம் அஞ்சனக்கல்லில் கந்தகத்தோடு சேர்ந்திருக்கும் அதே தனிமம். ஆன்டிமனி உறையும்போது, தண்ணீர் ஐஸாகும்போது ஆவதுபோல, பெருகும். காரீயத்தின் சுருக்கத்தை அது ஓரளவு ஈடுகட்டுவதால் உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து நிற்கிறது, கடினமும் கூடுகிறது. வெள்ளீயம் கலந்தால் கலவை தண்ணீராக ஓடும். இந்த மூன்றும் சேர்ந்ததைத் தமிழ்நாட்டின் பழைய அச்சகங்களில் வேலைபார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்: அச்சுக்கோர்க்கும் ஈய எழுத்தின் கலவை அதுதான். ‘ழ’வின் கீழ்க்கொம்பு முறியாமல் தெளிவாக வார்ப்பதற்கும் சிப்பாயின் மீசையைத் தெளிவாக வார்ப்பதற்கும் தேவைப்பட்டது ஒரே குணம்.

பிரிட்டன் குடும்பத்தின் அந்தச் சிவப்புப் பெட்டிகளைச் செய்த தொழிற்சாலை வடக்கு லண்டனின் ஹார்ன்சி ரைஸ் பகுதியில் இருந்தது. வண்ணம் பூசியவர்கள் பெரும்பாலும் பெண்கள்; பலர் பொம்மைகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பூசிக் கொடுத்துக் கூலி வாங்கியவர்கள். ஒரு கன்னச் சிவப்பு, இரண்டு புள்ளிக் கண்கள், ஒரே இழுப்பில் மீசை. பேரரசின் படைகள் ஒவ்வொன்றும் பெட்டியானது. மதராஸ் காலாட்படைக்கும் ஒரு பெட்டி இருந்தது என்பதை அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரோ ஒரு லண்டன் சிறுவன் கிறிஸ்துமஸ் காலையில் நம் மண்ணின் சிப்பாய்களைக் கம்பளத்தில் வரிசையாக நிறுத்தியிருப்பான். வின்ஸ்டன் சர்ச்சில் சிறுவயதில் ஏறக்குறைய 1500 சிப்பாய்கள் வைத்திருந்தார். எச். ஜி. வெல்ஸ் இந்தப் பொம்மைகளைக் கொண்டு போர் விளையாடும் விதிகளை 1913-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். சுருள்வில் விசையில் சின்ன மரத்துண்டைச் சுடும் பொம்மைப் பீரங்கிதான் அந்த ஆட்டத்தின் உயிர். முட்டையோடு போன்ற உடம்பின் மேல் மரத்துண்டு பட்டால் என்ன ஆகும்? கழுத்து முறியும். இன்று சேகரிப்பாளர்களிடம் வந்துசேரும் பழைய சிப்பாய்களில் தலை போனவர்கள் இத்தனை பேர் இருப்பதில் வியப்பில்லை.

கிறிஸ்துமஸுக்கும் பொம்மைச் சிப்பாய்க்கும் உள்ள உறவு பிரிட்டனுக்கு முன்பே ஜெர்மனியில் முடிந்துவைத்த முடிச்சு. 1816-இல் இ. டி. ஏ. ஹாஃப்மன் எழுதிய நட்கிராக்கர் கதை கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் தொடங்குகிறது. வீட்டுப் பையன் ஃபிரிட்ஸுக்குப் புதிதாக ஒரு குதிரைப்படை பரிசாக வருகிறது. இரவில் எலிகளோடு போர் மூள, பொம்மைப் படைகள் அணிவகுத்து வருகின்றன. 1892-இல் சாய்கோவ்ஸ்கியின் இசையில் அது பாலே நாடகமாகி, இன்றுவரை டிசம்பர் மேடைகளை விட்டு இறங்கவில்லை. அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தப் படைகள் ஆண்டு முழுக்க வசிப்பது எங்கே? உட்காரும் அறையில், கண்ணாடிக் கதவு போட்ட உயரமான அலமாரியில். தச்சர் செய்த நல்ல மர அலமாரி. பிள்ளைகளின் பரிசுகளுக்கு அந்த வீட்டில் கிடைக்கும் உச்ச மரியாதை அது. எலிகளைவிட அந்த அலமாரிதான் ஈயச் சிப்பாய்க்கு ஆபத்து என்பது ஹாஃப்மனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மரம் உயிரோடு இல்லாவிட்டாலும் சும்மா இருப்பதில்லை. மரத்தின் செல்சுவரில் செல்லுலோஸோடு ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளும் இருக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதிகளைக் காற்றின் ஈரம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகிறது. கழன்றது அசிட்டிக் அமிலமாக ஆவியாகிறது. நம் வீட்டு வினிகரில் இருக்கும் அமிலம்தான். எல்லா மரமும் கொஞ்சம் விடும். ஓக் மரம் மிக அதிகம் விடும் மரங்களில் ஒன்று. அறுத்துப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் விட்டுக்கொண்டே இருக்கும். திறந்த கூடத்தில் அந்த ஆவி காற்றோடு போய்விடும். தூசி புகக் கூடாது என்று கண்ணாடிக் கதவை இறுக்கிச் சாத்திய அலமாரியில் அது எங்கே போகும்?

ஈயத்துக்குத் தன் பாதுகாப்பு உண்டு. வெட்டிய இடத்தில் பளபளக்கும் காரீயம் சில நாட்களில் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடுகிறதே, அந்த மங்கல்தான் அதன் கவசம். காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் உண்டான மெல்லிய, கரையாத படலம். அதற்குக் கீழே உலோகம் பத்திரமாக இருக்கும். அசிட்டிக் அமில ஆவி வந்தால் கவசம் கரைகிறது. அமிலமும் ஆக்சிஜனும் ஈயமும் சேர்ந்து ஈய அசிட்டேட் ஆகின்றன. அது ஈரத்தில் கரையக்கூடியது. பிறகு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் அந்த அசிட்டேட்டைப் பிடித்துக் காரக் கார்பனேட்டாக, அதாவது நான் ஊதப்போன வெள்ளைப் பொடியாக, மாற்றுகின்றன. இதில்தான் கொடுமை இருக்கிறது: அப்படி மாறும்போது அசிட்டிக் அமிலம் முழுசாக விடுதலையாகி அடுத்த ஈய அணுவிடம் போகிறது. வட்டிக்கு விட்ட முதல் திரும்பக் கைக்கு வந்து மறுபடி வட்டிக்குப் போவதுபோல. துளி அமிலம் இருந்தால் போதும், அது செலவாகாமலே பொம்மையைத் தின்றுகொண்டிருக்கும். உண்டாகும் பொடி, தான் தின்ற உலோகத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடத்தை அடைக்கும். அதனால்தான் வண்ணத்துக்கு அடியில் தொடங்கினால் கொப்புளம் எழும்பி வெடிக்கிறது. பாதத்தில் முதலில் தெரிவதற்கும் காரணம் உண்டு: நின்று நின்று, இழுத்து விளையாடி, வண்ணம் முதலில் தேய்வது அங்கேதான்.

இந்த அழிவை மனிதர்கள் பல நூற்றாண்டுகளாக வேண்டுமென்றே செய்துவந்தார்கள் என்பதுதான் என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது. ஓவியர்களின் ஈய வெள்ளை வேறொன்றுமல்ல, இதே பொடி. மண் பானையின் அடியில் வினிகர் ஊற்றி, அதற்கு மேலே ஈயத் தகட்டைச் சுருட்டி வைத்து, பானைகளை அடுக்கடுக்காகக் குதிரைச் சாணத்தில் புதைத்து அறையை மூடிவிடுவார்கள். சாணம் நொதித்துச் சூட்டையும் கார்பன் டை ஆக்சைடையும் தரும். வினிகர் அமில ஆவியைத் தரும். மாதக்கணக்கில் கழித்துத் திறந்தால் தகடு வெள்ளைச் செதிலாக உதிரும். டச்சு முறை என்று பெயர். ரெம்பிராண்டின் ஓவியங்களில் கழுத்துப்பட்டை அப்படிப் பளிச்சிடுவது இந்த வெள்ளையால். சாணமும் பானையும் இல்லாமல், பளபளவென்று துடைத்த ஓக் அலமாரிக்குள் அதே முறை முப்பது ஆண்டுகளாக மெதுவாக நடந்திருக்கிறது.

சேகரிப்பாளர்கள் சிலர் இதை ‘வெள்ளீயக் கொள்ளைநோய்’ என்று தவறாகச் சொல்கிறார்கள். அது வேறு நோய். தூய வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே போனால் அணுக்களின் அடுக்கு மாறி, 27 சதவீதம் அளவு பெருத்து, சாம்பல் நிறப் பொடியாகக்கூடும். அமிலமும் வேண்டாம், காற்றும் வேண்டாம், குளிர் போதும். ஆனால் சிறிது ஆன்டிமனியோ காரீயமோ கலந்திருந்தாலே அந்த மாற்றம் பெரும்பாலும் தடைப்பட்டுவிடும். பொம்மைகளில் கலப்பு இல்லாமல் இருப்பதே அரிது. பெயரில் என்ன இருக்கிறது என்று விட முடியாது. குளிர்தான் காரணம் என்று நம்பியவர், சிப்பாயைக் கதகதப்பான மர அலமாரிக்கு மாற்றுவார். சூடு ஏற ஏற மரம் அமிலத்தை இன்னும் வேகமாக விடும்.

அருங்காட்சியகங்களுக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் வகுத்த ஒரு சோதனை இன்றும் உலகெங்கும் நடக்கிறது. காட்சிப்பெட்டிக்குப் பயன்படுத்த நினைக்கும் மரம், துணி, பசை எதுவானாலும் ஒரு துணுக்கை மூடிய குழாயில் போட்டு, கூடவே வெள்ளி, செம்பு, காரீயம் ஆகியவற்றின் சின்னத் தகடுகளையும் சிறிது நீரையும் வைத்து, 60 டிகிரியில் 28 நாள் விடுகிறார்கள். பிறகு தகடுகளைப் பார்க்கிறார்கள். வெள்ளி கறுத்தால் கந்தகம். காரீயம் வெளுத்தால் கரிம அமிலம். அந்தப் பொருள் காட்சிப்பெட்டிக்குள் நுழையக் கூடாது. பெரிய கருவி எதுவும் வேண்டாத எளிய சோதனை. நோயைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாக ஈயத்தையே உட்காரவைத்திருப்பதுதான் அதன் சாமர்த்தியம்.

சரி, மேசையில் நின்ற அதிகாரிக்கு வைத்தியம் என்ன? ஆய்வகத்தில் வண்ணம் இல்லாத ஈயப் பொருளாக இருந்தால், மின்பகுப்பில் எதிர்முனையில் கட்டி மிகக் குறைந்த மின்னோட்டம் செலுத்தி, வெள்ளைப் பொடியை மறுபடி ஈயமாகவே மாற்றிவிட முடியும். வண்ணம் பூசிய பொம்மையை அந்தத் தொட்டியில் இறக்கினால் மீசையும் கன்னச் சிவப்பும் மிதந்து போய்விடும். அதனால் வீட்டுக்காரர் செய்தது மிகச் சிறிய வேலை. கையுறை போட்டுக்கொண்டார். பல்குத்தும் குச்சியின் முனையில் பஞ்சு சுற்றி, குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பொடியைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். வாலைவடித்த தூய நீரல்லவா நல்லது என்று கேட்டேன். ஈயத்துக்கு நேர்மாறாம். ஒன்றும் கரையாத தூய நீர் காற்றோடு சேர்ந்தால் ஈயத்தைக் கரைக்கும். லண்டனின் கடின நீரில் ஏற்கெனவே இருக்கும் உப்புகள் ஈயத்தின் மேல் காப்புப் படலம் படிய உதவும். பழைய ஈயக் குழாய்களில் மென்னீர் ஓடிய ஊர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்ததும் இதனால்தான். பிறகு வெதுவெதுப்பான காற்றில் உலர்த்தி, வண்ணம் போன பாதத்தில் மட்டும், அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக்கை ஒரு பூச்சு. நாளை யாராவது நீக்க நினைத்தால் அதே அசிட்டோனில் நீங்கிவிடும் என்பதாலேயே சீரமைப்பாளர்கள் அதை விரும்புகிறார்கள்.

முழங்காலில் உரிந்த வண்ணத்தை அவர் தொடவே இல்லை. புதிதாகப் பூசினால் அழகாக இருக்காதா என்றதற்கு, ஏழு பேரில் ஒருவனை எடுத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, புற ஊதா டார்ச்சை அடித்துக் காட்டினார். உடம்பு முழுக்க மங்கிக் கிடந்த வெளிச்சத்தில் இடுப்புப்பட்டை மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. எப்போதோ யாரோ வேறு வண்ணத்தால் தீட்டியது. எக்ஸ் கதிர் ஒளிர்வு ஆய்வில் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம்: டைட்டானியம் வெள்ளை முதல் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகுதான் சந்தைக்கு வந்தது; அதற்கு முந்தைய பொம்மையில் அது இருந்தால் மேல்பூச்சு என்று அர்த்தம். யாரோ ஒரு பெண் தன் சமையலறை மேசையில் ஒரே இழுப்பில் போட்ட மீசையை எந்தத் திறமையான தூரிகையாலும் மறுபடி போட முடியாது என்பதே என் எண்ணமும். மேல்பூச்சால் வரும் இழப்பை விலையில் மட்டும் அளப்பது போதாது.

இன்னொருவனின் கழுத்தில் மெல்லிய கீறல் தெரிந்தது. தலையைப் பிடித்து மெதுவாகத் தூக்கினார், கையோடு வந்துவிட்டது. உள்ளே கூடான கழுத்தில் ஒரு தீக்குச்சி செருகியிருந்தது. கூடாக வார்த்ததால் வந்த பலவீனத்துக்கு அந்தக் கூடே தந்த மருந்து. உடைந்த தலையைத் தீக்குச்சியால் நிறுத்தாத வீடு அந்தக் காலத்தில் குறைவு. தாத்தா செய்த வேலை என்று சொல்லி அப்படியே திரும்ப வைத்துவிட்டார். பற்றவைத்திருக்கலாமே என்றால், அதில் ஒரு சிக்கல். சாதாரணப் பற்றாசு 183 டிகிரியில் உருகும். சிப்பாயின் கலவை 250-ஐ ஒட்டி இளகத் தொடங்கும். பற்றவைக்கும் கம்பியின் முனையோ 300-ஐத் தாண்டிக் கொதிக்கும். கண் மூடித் திறப்பதற்குள் முகம் ஒழுகிவிடும். பிஸ்மத், காரீயம், வெள்ளீயம் கலந்த ரோஸ் உலோகம் கொதிநீரிலேயே உருகக்கூடியது. கைதேர்ந்தவர்கள் முறிந்த கை கால்களுக்கு அப்படிப்பட்ட தாழ்சூட்டுப் பற்றாசுகளை எடுக்கிறார்கள்.

வேலை முடியும்வரை மேசையில் தேநீர் இல்லை, பிஸ்கட் இல்லை. துடைத்த பஞ்சுகள் ஒரு பையில் கட்டித் தனியே. பேத்தி வருவதற்குள் மேசை ஈரத்துணியால் இரண்டு முறை துடைக்கப்பட்டது. குழந்தையின் உடலில் ஈயம் கால்சியம்போல் நடித்து நுழைந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. அன்று இது யார் கவனத்திலும் இல்லை. கிறிஸ்துமஸ் மரத்தில் பனித்தாரைபோல் தொங்கவிட்ட சரிகைகூட ஈயத் தகடாக இருந்தது. கனத்தால் நேராகத் தொங்கும், அழகாக மின்னும். அமெரிக்காவில் 1972-ஐ ஒட்டித்தான் அது கடைகளிலிருந்து விடைபெற்றது. ஜெர்மனியில் புத்தாண்டு முன்னிரவில் கரண்டியில் ஈயத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றி, உறைந்த உருவத்தைப் பார்த்துக் குறிசொல்லும் வழக்கம் 2018-இல் ஐரோப்பிய விதிகள் வந்து வெள்ளீயத்துக்கும் மெழுகுக்கும் மாறியது. கூடாக வார்த்த ஈயச் சிப்பாய்களை பிரிட்டன்ஸ் நிறுவனம் 1966-இல் நிறுத்திவிட்டது. பிளாஸ்டிக் வந்து இடத்தைப் பிடித்தது. நிறுத்தியது சரிதான். அந்த மீசைகளை எவ்வளவு நேசித்தாலும் இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து, ஜனவரி ஆறாம் தேதி மரத்தை இறக்கியபோது சிப்பாய்களும் இறங்கினார்கள். சிவப்பு அட்டையிலும் அமிலம் கொஞ்சம் உண்டு. மூடி தளர்ந்து பரணின் காற்று உள்ளே ஓடியதால்தான் இத்தனை காலம் அது ஒன்றும் செய்யவில்லை. இந்த முறை பழைய பெட்டியைத் தனியே வைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் அமிலமற்ற மென்தாளில் சுற்றி, பண்டிகைக்கு வந்த பிஸ்கட் தகரடப்பா ஒன்றில் அடுக்கினார். மூடியில் பனிக்காலக் குதிரைவண்டிப் படம். கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. கூடத்து ஓக் அலமாரியில் அதிகாரி நின்ற இடத்தில் இரண்டு பீங்கான் கோப்பைகள் வந்துவிட்டன. அதிகாரியை டப்பாவில் சேர்க்கவில்லை. பொடி மறுபடி எழும்புகிறதா என்று ஓராண்டு பார்க்க வேண்டுமாம். மாடிப்படிக்குப் பக்கத்தில், காற்றோடும் இரும்புத் தட்டில், ஒரு கண்ணாடிச் சில்லின்மேல் அவரை நிறுத்தினார். கண்ணாடிக்கு அடியில் ஒரு கறுப்புத் தாள் வைத்திருந்தார். வெள்ளையாக ஒரு துகள் உதிர்ந்தாலும் அதில் தெரிந்துவிடும்.